தாடைக்குச் சட்டம் இல்லை

மலேசியத் தர விதிகளின் வரிசையில் முதல் எண்ணைப் பெற்றது மோட்டார் சைக்கிள் தலைக்கவசம். எம்எஸ் 1 என்ற அந்த விதி 1969இல் வந்தது. 1973இல் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. அதனால் மோட்டார் சைக்கிள் மரணங்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஆனால் சட்டம் காக்கச் சொன்னது மண்டையைத்தான். மோவாயை மூடுவதும் திறந்துவிடுவதும் ஓட்டுபவர் விருப்பம். முழுமுகக் கவசமா, முன்பக்கம் தூக்கும் கவசமா என்று இன்று கடையில் நடக்கும் வாதம், அன்று சட்டம் தொடாமல் விட்ட பாதியைப் பற்றியதே.

அந்தப் பாதி திறந்தே கிடந்ததற்குக் காரணம் உண்டு. குடியிருப்புத் தாமானுக்குள் காப்சாய் என்னும் சிறு மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவருக்குக் காலை வெயிலும் மாலை மழையும்தான் முதல் தொல்லை. முகம் திறந்த கவசத்தில் காற்று வரும், கண்ணாடியில் ஆவி படியாது, பேசவும் வசதி. மாறியது சாலை. 1970களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித்தடம் அமைக்கப்பட்டது. 1990களில் அது நீண்டது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குச் சுமார் 30 கிலோமீட்டரை அன்றாடம் விரைந்து கடப்பது வழக்கமாயிற்று. தலையில் இருந்ததோ பெரும்பாலும் தாமானுக்கு ஏற்ற அதே கவசம். தனித்தடம் காரையும் லாரியையும் விலக்கியது உண்மை. ஆனால் ஈரத் தார் வழுக்கினால் முகம் தரையில் மோதுவதை எந்தத் தடமும் தடுக்காது. ஜெர்மனியில் ஆய்வாளர் டீட்மார் ஓட்டே மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்தபோது, கவசத்தில் விழுந்த அடிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மோவாய்ப் பகுதியில் இருந்தது. முகம் திறந்த கவசம் காக்காத இடம் அது.

முழுமுகக் கவசம் 1960களின் பிற்பகுதியில் பந்தயத் திடலிலிருந்து வந்தது. முன்பக்கம் தூக்கும் கவசத்தை 1981இல் பிஎம்டபிள்யூ சந்தைக்குக் கொண்டுவந்தது. கீலும் பூட்டும் உள்ள கவசம் ஒரே ஓடாக வார்த்ததைப் போல உறுதியாகுமா என்ற ஐயம் நியாயமானதுதான். எடையும் விலையும் கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் எல்லாத் தூக்குக் கவசங்களும் ஒன்றல்ல. ஐநாவின் 22ஆம் ஒழுங்குவிதிப்படி, மோவாய்ப் பகுதியும் அடிதாங்கும் சோதனையில் தேறினால் ‘பி’ முத்திரை. காப்பாகக் கருத முடியாதென்றால் ‘என்பி’. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது இந்த எழுத்தை. வெப்பத்தில் முழுமுகம் தாங்காது என்பவர்களுக்கும் பதில் உண்டு: தூக்குக் கவசத்தைச் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது தூக்கிவிட்டு, புறப்படுமுன் பூட்டிக்கொள்ளலாம். தூக்கியபடியே ஓட்டினால் விலை கொடுத்து வாங்கிய காப்பு நெற்றிக்கு மேல் சும்மா இருக்கும்.

மலேசியச் சாலை மரணங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களுடையவை. ஆகவே கிள்ளான் வரை நாள்தோறும் ஓடுகிறவருக்கு முழுமுகக் கவசமே முதல் தேர்வு. மூக்குக்கண்ணாடி அணிகிறவரும் வாசலுக்கு வாசல் நின்று பொருள் கொடுக்கிறவரும் ‘பி’ முத்திரையுள்ள தூக்குக் கவசத்தை வாங்கலாம், ஓடும்போது மூடியே வைப்பார்களென்றால். எதை வாங்கினாலும் வாரை இறுக்கி மாட்டுங்கள்.