காசுக்கட்டளையும் கடன்பத்திரமும்: இலங்கையிற் கற்றோர் வெளியேற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

வைத்தியர், பொறியியலாளர், பல்கலைக்கழக ஆசிரியர் ஆகியோர் நாட்டைவிட்டு வெளியேறுவது பற்றிப் பேசப்படும்போது இருவகை வாதங்கள் வழக்கமாக முன்வைக்கப்படுகின்றன. இலவசக் கல்வியைப் பெற்றவர்கள் அந்நியருக்கு ஊழியஞ் செய்யப் போகிறார்கள் என்பது ஒன்று. அவர்கள் அனுப்பும் பணமே நாட்டைத் தாங்குகிறது என்பது மற்றையது. முன்னையது ஒழுக்கவியலின்பாற்பட்டது, பின்னையது கணக்கியலின்பாற்பட்டது. இரண்டுமே ஒரு வினாவைத் தவிர்த்துவிடுகின்றன. வெளியேறுவோரை உருவாக்கும் செலவை ஏற்றவர் யார்? இவ்வினாவை வரலாற்றடிப்படையில் எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உழைப்புச் சக்தியின் பெறுமதியுள் அதனைப் பயிற்றும் செலவும் அடங்கும் என்பது மார்க்ஸ் தமது 'மூலதன'த்தில் விளக்கிய அடிப்படைக் கருத்தாகும். ஒரு வைத்தியர் நாட்டை நீங்கும்பொழுது ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலச் சமூக உழைப்பு அவருடன் செல்கின்றது. சுங்கப் பதிவேடுகளில் இவ்வேற்றுமதி இடம்பெறுவதில்லை.

2

இதன் ஆரம்ப வடிவத்தை யாழ்ப்பாணத்திற் காணலாம். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினறியும், பின்னர் பெருகிய ஆங்கிலப் பாடசாலைகளும் தீபகற்பத்தின் விவசாயப் பொருளாதாரம் உள்வாங்க முடியாத ஒரு கற்ற கூட்டத்தினரைத் தோற்றுவித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவிற் புகையிரதப் பாதைகளும் அரசாங்க அலுவலகங்களும் விரிவுற்றபோது எழுதுவினைஞர், நில அளவையாளர், நிலைய அதிபர் எனப் பலர் அங்கு சென்றனர். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளைகளே யாழ்ப்பாணத்தின் 'மணியோடர்ப் பொருளாதாரம்' எனப்படுவதற்கு அடித்தளமாயின. 'மலாயன் பென்ஷனியர்' ஒரு சமூக வகைமாதிரியானார்.

இப்பணம் எதனை ஆக்கிற்று என்பது கவனத்திற்குரியது. கல்வீடுகள் எழுந்தன, காணி விலை ஏறிற்று, சீதனத்தின் அளவு உயர்ந்தது, கோயில்கள் திருத்தப்பட்டன, பாடசாலைகள் சில வளம்பெற்றன. ஆனால், கைத்தொழில் எதுவும் குறிப்பிடத்தக்க அளவில் எழவில்லை. ஆங்கிலக் கல்விக்கான வாய்ப்புப் பெரிதும் வேளாள சமூகத்தினரிடமே இருந்தமையால், காணியிலிட்ட காசு ஏற்கனவே நிலவிய சாதி நிலவுடைமை உறவுகளைத் தளர்த்துவதற்குப் பதிலாக இறுக்கிற்று. 1942இல் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது காசுக்கட்டளைகள் நின்றன. பிறநாட்டு உழைப்பில் தங்கிய வளர்ச்சி எத்துணை உறுதியற்றது என்பதை அவ்வாண்டுகள் காட்டின.

3

இரண்டாவது கட்டம் இலவசக் கல்வியுடன் தொடங்குகிறது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1945இலிருந்து கன்னங்கராவின் சீர்திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. 1870இல் தோன்றிய கொழும்பு மருத்துவக் கல்லூரி பல்கலைக்கழகத்தின் பீடமாயிற்று. 1962இற் பேராதனையில் இரண்டாவது மருத்துவ பீடம் அமைந்தது. கல்வி பரவலாகிய இம்மாற்றம் பெரும் சனநாயகச் சாதனை என்பதில் ஐயமில்லை.

எனினும் அதற்கான பணம் எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் அரைவாசிக்கு மேற்பட்டது தேயிலையினாற் கிடைத்தது. ஏற்றுமதித் தீர்வைகள் அரசிறையின் முக்கிய கூறாயிருந்தன. அதாவது, மலையகத் தோட்டத் தொழிலாளரின் உபரி உழைப்பே இலவசக் கல்விக்கும் இலவச வைத்தியத்துக்கும் கணிசமான அளவு ஆதாரமாயிற்று. அதே தொழிலாளருட் பெரும்பாலானோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். அவர்தம் பிள்ளைகள் கற்ற தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே அரசினாற் பொறுப்பேற்கப்படலாயின. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்தது.

ஆக, ஏறத்தாழ ஒரே காலத்தில் இருவகை வெளியேற்றங்கள் நிகழ்ந்தன. செலவை ஈட்டியவர் தலைமன்னாரிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். அச்செலவாற் பயின்றவரிற் பலர் 1948இல் உருவான பிரித்தானியத் தேசிய சுகாதார சேவைக்கும், 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவுக்கும் சென்றனர். முன்னையது 'இந்தியர் பிரச்சினை' எனவும் பின்னையது 'மூளைசாலிகள் வெளியேற்றம்' எனவும் தனித்தனியே பேசப்பட்டன. இவ்விரண்டையும் இணைத்து நோக்காமை நமது ஆய்வுலகின் வர்க்கக் குருட்டுத்தன்மை என்றே கூறவேண்டும்.

அரசு தடுக்க முயன்றதுண்டு. 1961இற் பட்டதாரிகளுக்கான கட்டாய அரசசேவைச் சட்டம் இயற்றப்பட்டது. தகைமை பெற்றோர் வெளியேறுவதை ஆராய்ந்த அமைச்சரவைக் குழுவின் அறிக்கை 1974இல் வெளிவந்தது. அதே பத்தாண்டில், வெளியேறிய கற்றோரின் வருமானத்தின்மீது வரி விதித்து அதனை வளர்முக நாடுகளுக்கு அளிக்கவேண்டுமென ஜகதீஷ் பகவதி முன்மொழிந்தார். வளர்ந்த நாடுகள் அதனை ஏற்கவில்லை.

4

1977இன் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. திறந்த பொருளாதாரத்தின் இறக்குமதிப் பெருக்கத்தால் விரிந்த வர்த்தகப் பற்றாக்குறையை ஈடுசெய்ய அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது. தடுக்கும் அரசு அனுப்பும் அரசாயிற்று. 1985இன் சட்டம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அமைத்தது. 1983 யூலை வன்செயலும் தொடர்ந்த யுத்தமும் தமிழரிற் கற்றோரையும் கல்லாதோரையும் ஒருங்கே விரட்டின. உயிருக்கு அஞ்சி ஓடியவரை வேதனம் நாடிச் சென்றவரோடு வைத்து எண்ணுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இங்கு ஒரு மயக்கம் தெளிவுபடுத்தப்பட வேண்டும். கற்றோர் வெளியேற்றத்தை நியாயப்படுத்தக் காட்டப்படும் பணத்தின் பெரும்பங்கு நெடுங்காலமாக மேற்காசியாவிற் பணிப்பெண்களாகவும் சாரதிகளாகவும் உழைத்தோர் அனுப்பியதாகும். குடும்பத்துடன் நிலையாகக் குடியேறும் வைத்தியரோ பொறியியலாளரோ அங்கேயே வீடு வாங்குவார், அங்கேயே சேமிப்பார். தேயிலை பறித்தவர் வகித்த இடத்தை இப்போது பணிப்பெண் வகிக்கிறார்.

இப்பணமே சர்வதேச நிதியுலகிற்கு மறைமுகப் பிணையாயிற்று. 2007இல் இலங்கை முதன்முறையாக 500 மில்லியன் டொலருக்குச் சர்வதேச முறிகளை வெளியிட்டது. சென்மதி நிலுவையிற் சீராக வந்துசேரும் உழைப்பாளர் பணம் கடன்கொடுத்தோருக்கு நம்பிக்கையளித்தது. ஆனால், 2020இல் ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலராயிருந்த அப்பணம் 2022இல் 3.8 பில்லியனாக வீழ்ந்தது. 2022 ஏப்பிரலில் அரசு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்திற்று. அதே ஆண்டு யூனில், அரச ஊழியர் ஐந்தாண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லச் சுற்றறிக்கை வெளியாயிற்று. அவ்வாண்டு 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழிலுக்காகச் சென்றனர். 2023 மார்ச்சிற் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர்க் கடனுக்கு ஒப்புதலளித்தது. அதனையொட்டி அவ்வாண்டின் தொடக்கத்திலேயே தனிநபர் வருமான வரி 36 சதவீதம்வரை உயர்த்தப்பட்டது. உண்மைச் சம்பளம் சுருங்கிய வைத்தியரும் விரிவுரையாளரும் மேலும் வெளியேறினர். கடனைத் தீர்க்க ஆட்களை அனுப்புவதும், கடனின் நிபந்தனைகள் மேலும் ஆட்களை வெளியே தள்ளுவதுமாகிய இவ்வட்டமே இன்றைய கட்டத்தின் இயல்பாகும்.

5

வெளியேறியோர் அறிவுடனும் மூலதனத்துடனும் மீள்வர் என்று கூறுவோர் தென்கொரியாவையும் தாய்வானையும் எடுத்துக்காட்டுவர். ஆனால், 1966இல் அறிவியல் ஆய்வு நிறுவகத்தை அமைத்துச் சிறந்த ஊதியத்துடன் விஞ்ஞானிகளை அழைத்தது கொரிய அரசு. 1980இற் சிஞ்சு அறிவியற் பூங்காவை நிறுவியது தாய்வான் அரசு. கைத்தொழிலாக்கம் முன்சென்றது, மீள்வருகை பின்தொடர்ந்தது. காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றிக் கூறுவதால் வளர்ச்சி வந்துவிடாது.

போகின்றவரைப் பழிப்பதோ வாயிலைப் பூட்டுவதோ தீர்வன்று. சுகாதார ஊழியரைச் சேர்ப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்ற நடத்தைக்கோவையும் எவரையும் கட்டுப்படுத்தாத ஒன்றே. பயிற்சிச் செலவைப் பெறும் நாடுகளிடம் ஈட்டுரிமையாகக் கோருவதும், கடன் மறுசீரமைப்பின்போது அச்செலவைக் கணக்கில் வைக்கக் கேட்பதும் நியாயமானவை. ஆனால், அக்கோரிக்கையை எழுப்புமுன் நாம் நமது உள்நாட்டுக் கணக்கையும் திறக்கவேண்டும். பல்கலைக்கழகங்களில் வெறுமையாகும் ஆசிரியர் இருக்கைகளைப் பற்றிக் கவலைப்படும் நாம், அவ்விருக்கைகளுக்கு விலைகொடுத்த தோட்டத் தொழிலாளியின் பிள்ளை ஏன் நீண்டகாலம் அவற்றை அணுகவே முடியாதிருந்தது என்பதையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். அக்கடன் எந்த முறியிலும் பதியப்படவில்லை, இன்னும் தீர்க்கப்படவுமில்லை.