விரிசலைத் தொடரும் வலை: நொறுங்கு பொருள்களின் முறிவுக் கணிப்பு வரலாறு

கண்ணாடி, பீங்கான், கற்காரை போன்றவை வளைந்து கொடுக்காமல் திடீரென உடைவதால் நொறுங்கு பொருள்கள் எனப்படுகின்றன. இவற்றில் விரிசல் எவ்வழியே ஓடும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே கணிக்கும் முறை படிப்படியாக உருவானதாகும்.

தொடக்கம்

விரிசல் கூர்மையாகும்போது அதன் நுனியில் தகைவு அளவின்றி உயரும் என்பது 1913-இல் இங்லிசு செய்த கணக்கின் விளைவு. அவ்வாறாயின் சிறு கீறல் உள்ள கண்ணாடியும் மெல்லத் தொட்டாலே உடைய வேண்டுமே! இப்புதிருக்கு விடை கண்டவர் இங்கிலாந்தின் ஏ. ஏ. கிரிபித். விரிசல் நீளும்போது விடுபடும் மீட்சி ஆற்றல், புதிய பரப்புகளை உருவாக்கப் போதுமானதாக இருந்தால்தான் அது வளரும் என்று 1921-இல் விளக்கினார்.

எஃகும் குளிரில் நொறுங்கக்கூடும். 1943 சனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கட்டி நிறுத்தப்பட்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரிலேயே இரண்டாகப் பிளந்தது. முறிவு குறித்த ஆய்வின் அவசரத்தை இத்தகைய நிகழ்வுகள் உணர்த்தின.

கணினிக் காலம்

பொருளைச் சிறு கூறுகளின் வலையாகப் பிரித்துக் கணக்கிடும் முறைக்கு 1960-இல் கிளஃப் 'ஃபைனைட் எலிமென்ட்' எனப் பெயரிட்டார். 1967-இல் இங்கோ, ஸ்கோர்டெலிசு ஆகியோர் கற்காரை உத்திரத்தின் விரிசல்களை இம்முறையில் ஆராய்ந்தனர். ஆனால் விரிசல் கூறுகளின் விளிம்புகளில் மட்டுமே அமைய முடிந்தது. அதாவது, அதன் வழியை இயற்கை அல்ல, வலையை வரைந்தவரே தீர்மானித்தார்.

தகவமை வலை

வலையை நுண்ணியதாக்கலாம். ஆனால் முப்பரிமாணத்தில் கூறின் பக்கத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் கூறுகள் 1000 மடங்காகும். நுண்மை தேவைப்படுவதோ விரிசலின் அருகில் மட்டுமே. எனவே பிழை மிகும் இடத்தைக் கணினியே கண்டறிந்து அங்கு மட்டும் வலையை நுண்ணியதாக்கும் தகவமை முறை வளர்ந்தது. பாபுஷ்கா, ரைன்போல்ட் (1978), சியன்கீவிச், சூ (1987) ஆகியோரின் பிழை மதிப்பீடுகள் இதற்கு அடித்தளமிட்டன.

1999-இல் பெலிச்கோவும் பிளாக்கும் விரிசல் கூறுகளின் ஊடே செல்ல வழிசெய்தனர். 2000-இல் பூர்தன், பிராங்போர்ட், மாரிகோ ஆகியோர் கிரிபித்தின் ஆற்றல் கொள்கையையே கணினிக்கு ஏற்ப மாற்றினர். இதில் விரிசல் ஒரு கோடாக அன்றி மெல்லிய பட்டையாகக் கருதப்படுகிறது. அதன் வழியை முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பட்டைக்குள் மிக நுண்ணிய வலை வேண்டும் என்பதால், விரிசலைப் பின்தொடரும் தகவமை வலை இங்கும் பெரிதும் பயன்படுகிறது.