செயல் இல்லாத வினைகள்

ஆங்கிலம் பயிற்றும் ஆசிரியர்கள் தவறாது கூறும் விதி ஒன்றுண்டு. அறிதல், விரும்புதல், நம்புதல், உடைமை ஆகியவற்றைக் குறிக்கும் வினைச்சொற்கள் ‘இங்’ ஈறு பெற்றுவரும் தொடர்நிகழ்கால வடிவை ஏலா என்பதே அது. ‘ஐ நோ’ என்றால் சரி. ‘ஐ ஆம் நோயிங்’ என்றால் பிழை. செயல் என்பது தொடங்கி, நடந்து, முடிவது. அறிதலோ ஒரு நிலை, அது நடப்பதில்லை, உள்ளது என்று காரணமும் கூறுவர். இத்தகைய சொற்களை இக்கட்டுரையில் நிலைவினை என்று வழங்குவோம்.

இவ்விதியை மீறுவது இந்தியரின் தனி முத்திரையாகவே கருதப்பட்டுவிட்டது. இந்தியர் எழுதும் ஆங்கிலத்தை வேடிக்கைப் பொருளாகத் தொகுத்து ஆர்னால்ட் ரைட் என்பார் 1891இல் லண்டனில் ஒரு நூலே வெளியிட்டார். நம் காலத்தில் பம்பாய்க் கவிஞர் நிஸிம் எஸிகியல் (1924–2004) இந்திய ஆங்கிலத்தில் புனைந்த நகைச்சுவைக் கவிதைகளில் இந்த ‘இங்’ அடிக்கடி ஒலிப்பதைப் பலரும் படித்திருப்பர். எஸிகியலின் நகை வீட்டார் நகை. முன்னவரின் நகை எசமானர் நகை. எனினும் நகைப்பவரும் நகைக்கப்படுபவரும் ஒன்றை மட்டும் ஒருங்கே நம்புகின்றனர்: இவ்விதி ஆங்கில மொழியோடு உடன்பிறந்தது என்பதை. வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1762இல் ராபர்ட் லோத் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். பின்னாளில் லண்டன் மாநகரின் பிஷப் ஆனவர் இவர். இருத்தல், செய்தல், படுதல் என்னும் மூன்றையும் குறிப்பது வினை என்பது அவர் தந்த இலக்கணம். செயலும் அல்லாது, செயப்படுதலும் அல்லாது, இடைநிற்பதை அவர் பொதுவினை என்று தனியே பிரித்தார். ஆனால் அதற்குக் காட்டாக இருத்தலோடு உறங்குதலையும் நடத்தலையும் சேர்த்தே வைத்தார். இன்று நாம் காணும் நிலைவினை என்னும் பகுப்பு அவர் கண்ணில் படவில்லை. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. காலப் பாகுபாட்டை விளக்க அவர் எடுத்துக்கொண்ட சொல் ‘லவ்’ என்னும் அன்புசெய்தல் வினை. அதன் தொடர்நிகழ்கால வடிவம், ‘இங்’ ஈற்றுடனேயே, எவ்விதத் தயக்கமுமின்றி அந்நூலில் அச்சாகியுள்ளது. இன்று நம் மாணவன் எழுதினால் சிவப்பு மையால் அடிக்கப்படும் வடிவம் அன்று இலக்கணத்தின் முன்மாதிரியாக நின்றது! லத்தீன் இலக்கணங்களில் அன்புசெய்தல் வினையே முதல் பாடமாக அமைந்த மரபைப் பின்பற்றியதன் விளைவு இது எனலாம்.

லோத்தை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. தொடர்நிகழ்கால வடிவமே அன்று முழுவளர்ச்சி பெற்றிருக்கவில்லை. அதன் வித்து ஒன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே உண்டு எனினும், பல நூற்றாண்டுகள் அது விரும்பினால் வழங்கும் வடிவமாகவே இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், கையில் நூலோடு நிற்கும் இளவரசனை நோக்கி என்ன படிக்கிறீர் என வினவும் பொலோனியஸ், இன்றைய ஆங்கிலேயர் கட்டாயம் இடும் ‘இங்’ இல்லாமலேயே வினவுகிறான். வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்னும் பொருளில் ‘இஸ் பீயிங் பில்ட்’ எனும் தொடர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டியது. அமெரிக்கரான ரிச்சர்ட் கிராண்ட் வைட் 1870இல் வெளியிட்ட நூலிலும் அதனை ஒவ்வாத புதுமை என்று கடிந்தார். கவிஞர் கீட்ஸ் 1819இல் எழுதிய கடிதம் ஒன்றில் இருத்தல் வினையே ‘இங்’ ஏற்று வந்துள்ளது. நிலைவினைகளுக்கெல்லாம் தாயான சொல்லே வேலி தாண்டிவிட்டது.

நடந்துகொண்டிருக்கும் செயல் எதற்கும் ‘இங்’ வேண்டும் என்ற கட்டாயம் வந்தபின்னரே, அதனை ஏற்க மறுத்த சொற்கள் தனித்துத் தெரிந்தன. எல்லாரும் அமர்ந்திருக்கும் அவையில் நிற்பவர் யார் என்று எவரும் கேளார்; எல்லாரும் எழுந்தபின் அமர்ந்திருப்பவரே கண்ணில் படுவர். நிலைவினை விதி இவ்வாறு பிறந்த விதி.

இச்சொற்களின் பழைய வாழ்வு தமிழர்க்கு மிக நெருக்கமானது. ‘லைக்’ என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் மகிழ்வித்தல் என்ற பொருளுடையது. விரும்பப்படும் பொருளே எழுவாய், விரும்புபவர் நான்காம் வேற்றுமையில் நின்றார். ‘எனக்குப் பிடிக்கும்’ என்று நாம் சொல்லும் அதே அமைப்பு. ‘மீதிங்க்ஸ்’ என்று பழைய நூல்களில் காணும் சொல்லும் ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பதே. அதிலுள்ள ‘திங்க்’ நினைத்தலைக் குறிக்கும் சொல்லன்று, தோன்றுதலைக் குறித்து வழக்கிழந்த வேறொரு சொல். வேற்றுமை உருபுகள் தேய்ந்தொழிய, ‘எனக்கு’ என்பது ‘நான்’ ஆயிற்று. தமிழில் அஃது இன்றும் ‘எனக்கு’ என்றே நிற்கிறது.

நிலைக்கும் செயலுக்கும் உள்ள வேறுபாட்டை அரிஸ்டாட்டில் தம் மெய்யியல் நூலிலேயே தொட்டுள்ளார்: காண்பவன் அக்கணமே கண்டவனும் ஆகிறான்; வீடு கட்டுபவனோ கட்டி முடித்தவன் ஆவதில்லை. இச்சிந்தனைக்குப் புத்துயிர் தந்தவருள் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஸீனோ வெண்ட்லர் முதன்மையானவர். 1957இல் அவர் எழுதிய கட்டுரை வினைகளை நால்வகையாகப் பிரித்து நிலைக்குத் தனியிடம் தந்தது. 1972இல் வெளிவந்த குவர்க் குழுவினரின் பேரிலக்கணம் நிலைவினை, இயக்கவினை என்னும் பாகுபாட்டைப் பரவச் செய்தது.

தொல்காப்பியரோ வினைகளுள் காலத்தை வெளிப்படையாகக் காட்டாது குறிப்பாற் காட்டுவனவற்றைத் தனியே வகுத்து, அன்மை, இன்மை, உண்மை முதலியவற்றை அதன்கண் அடக்கினார். இரண்டும் ஒன்றே என வாதிடுதல் மிகையாகும். ஆயினும் ‘உடையேன்’ என்பதில் கால இடைநிலை இல்லாமையும், ஆங்கில ‘ஹாவ்’ உடைமைப் பொருளில் ‘இங்’ ஏலாமையும் உடன்வைத்து எண்ணத்தக்கவை.

அங்ஙனமாயின் இந்தியர் வழுவுவது ஏன்? ‘ஜான்தா ஹூம்’ என்னும் இந்தித் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஐ ஆம் நோயிங்’ வந்துவிடும். தமிழன் அவ்வழி செல்லத் தேவையில்லை. ‘எனக்குத் தமிழ் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று நம் குழந்தையும் சொல்வதில்லை. நம்மை வழுக்கச் செய்வது ‘இரு’ என்னும் துணைவினை என்பது என் கருத்து. ‘நூறு ரூபாய் வைத்திருக்கிறேன்’ என்பதிலுள்ள ‘இருக்கிறேன்’, ‘ஆம்’ என்பதையும் அதன்வழி ‘இங்’ என்பதையும் இழுத்து வந்துவிடுகிறது.

2003இல் மக்டொனால்ட்ஸ் உணவு நிறுவனம் ‘லவ்’ வினையை ‘இங்’ ஈற்றோடு உலகெங்கும் விளம்பரப் பலகையில் ஏற்றியபோது, அதனை எவரும் பாபு ஆங்கிலம் என்று நகைக்கவில்லை. அதற்காக விதியே இல்லை என்று கொள்ளலாகாது. ‘ஐ ஹாவ் டீ’ என்றால் வீட்டில் தேயிலை இருக்கிறது என்று பொருள்படும். ‘ஐ ஆம் ஹாவிங் டீ’ என்றால் கோப்பை கையில் இருக்கிறது.