ஒரே உருவம், இரண்டு எண்

போடிமெட்டில் ஊர்ப் பலகைகள் தமிழிலும் மலையாளத்திலும் நிற்கின்றன. கீழே போடிநாயக்கனூர், மேலே இடுக்கி மாவட்டம். இந்த எல்லைக்குக் கணினியில் ஓர் எண் உண்டு: 384. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு தரத்தில் நம் 'க' 2965ஆம் எண்ணில் இருக்கிறது. மலையாளக் 'க' 3349இல். நம் 'ள' 2995, அவர்களுடைய 'ள' 3379. இரு மொழிக்கும் பொதுவான எந்த எழுத்தை எடுத்தாலும் இடைவெளி அதுதான். 1988இல் இந்தியா வகுத்த இஸ்கி தரம் நம் நாட்டு எழுத்துகளை ஒரே ஒழுங்கில் அடுக்கியிருந்தது. 1991இல் வெளிவந்த யூனிகோடு அந்த அடுக்கைத் தழுவி, ஒவ்வோர் எழுத்து முறைக்கும் 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதியை ஒதுக்கியது. தமிழுக்குப் பின் தெலுங்கு, கன்னடம், மலையாளம். மூன்று பகுதி தள்ளி என்பதால் 384.

சீன எழுத்துக்கு நடந்தது வேறு. சீனரும் ஜப்பானியரும் கொரியரும் தத்தம் நாட்டு மரபில் எழுதும் ஒரே எழுத்துக்குப் பெரும்பாலும் ஒரே எண்தான். ஆனால் அதே எழுத்துக்குள் இன்னொரு பிளவு வந்தது. 1716இல் காங்சி பேரரசர் காலத்தில் முடிந்த பேரகராதி 47,000க்கும் மேற்பட்ட எழுத்துகளை 214 உறுப்புக் குறிகளின் கீழ் வகுத்தது. நீர், மரம், தீ போன்ற இக்குறிகள் பல தாமே முழு எழுத்தாகவும் நிற்கும். 1999இல் யூனிகோடு இந்த 214க்கும் தனி எண்கள் கொடுத்தது. நீர் என்னும் எழுத்து 27700. அகராதித் தலைப்பாக வரும் நீர்க் குறி 12116. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுக்கும்போது எழுத்துக்குப் பதில் குறி வந்துவிடுவதுண்டு. அப்போது தேடினால் சொல் அகப்படாது. ஆயினும் 214 குறிகளையும் அவற்றுக்குரிய எழுத்துகளோடு இணைக்கும் அட்டவணை யூனிகோடிலேயே இருக்கிறது. அதைப் பின்பற்றும் தேடுபொறி இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும்.

நமக்கு அந்த வசதி இல்லை. தேனி பக்கத்து வீரபாண்டியில் முல்லைப் பெரியாற்றங்கரையில் இருக்கும் அம்மனின் பெயரைப் பாருங்கள். கௌமாரி என்பதில் 'க'வுக்குப் பின் வருவது ஔகாரக் குறி. அதன் எண் 3020. கொம்பும் வலப்பக்கச் சிறகும் சேர்ந்தது அது. அந்தச் சிறகுக்கும் 3031 என்று தனி எண் உண்டு. கொம்பையும் சிறகையும் தனித்தனியே உள்ளிட்டாலும் யூனிகோடு அதை ஔகாரம் என்றே ஏற்கும். ஆனால் சிறகின் இடத்தில் 'ள' அடித்தால் அது ககர எகரமும் ளகரமும்தான்: கெ, ள. திரையிலும் தாளிலும் வேறுபாடு தெரியாது. 'கெளமாரியம்மன்' என்று அச்சிட்ட சித்திரைத் திருவிழா அழைப்பிதழை யாரும் தவறென்று சொல்லமாட்டார்கள். கணினிக்கு அது வேறு சொல். பௌர்ணமிக்கும் ஔவையாருக்கும் இதே கதி.

மொத்தமாக மாற்றிவிடலாமே என்றால், 'கெள' வந்த இடமெல்லாம் 'கௌ' என்று போட்டால் கெளுத்தி மீன் கெட்டுவிடும்; 'தெள'வை 'தௌ' ஆக்கினால் தெளிவும் அப்படியே. 'ள'வை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இருக்கிறதா என்று பார்த்துத்தான் திருத்தவேண்டும். இந்தச் சிறு விதியைத் தமிழ் எழுதும் ஒவ்வொரு மென்பொருளும் தன்னுள் வைத்திருக்கவேண்டும் என்பேன். உருவம் ஒன்றாக இருப்பதால் எழுத்தும் ஒன்றாகிவிடாது. 'ள' மெய்யின் எழுத்து, சிறகு உயிரின் உறுப்பு. எண்கள் காப்பது அந்த வேறுபாட்டை.

போடியிலும் மலையடிவார ஊர்களிலும் கோயில் கணக்கு, தோட்டப் பத்திரம், பழைய மலர்கள் என்று கணினியில் ஏற்ற வேண்டியவை நிறைய உள்ளன. அவற்றைத் தட்டச்சிடுவோர் 'கௌ' வரும் இடத்தில் ஔகார விசையையே பயன்படுத்துங்கள். ஏற்றி முடித்த கோப்புகளில் 'கெள' என்று ஒருமுறை தேடிப் பார்த்து, கிடைப்பவற்றில் தவறானவற்றைத் திருத்திவிடுங்கள்.