உமையா வம்சம்

உமையா வம்சம் (பொ.ஆ. 661–750) இஸ்லாமிய வரலாற்றின் முதல் பரம்பரை ஆட்சி. மக்காவின் குறைஷ் குலத்தைச் சேர்ந்த உமையாக்கள், டமாஸ்கஸைத் தலைநகராக்கி, உச்ச காலத்தில் ஸ்பெயின் முதல் சிந்து வரை ஆண்டனர்.

முஸ்லிம்களின் ஆட்சித் தலைவரான நான்காம் கலீஃபா அலீ 661இல் கொல்லப்பட்டார். அவர் மகன் ஹசன் ஆட்சியுரிமையை விட்டுக்கொடுக்கவே, சிரியாவின் ஆளுநராக நெடுங்காலம் வேரூன்றியிருந்த முஆவியா கலீஃபாவானார். தமக்குப் பின் மகன் யஸீதே வாரிசு என்று அவர் அறிவித்ததில் வம்சமும் பிறந்தது, தீராப் பகையும் பிறந்தது. யஸீதை ஏற்க மறுத்த நபிகளின் பேரர் ஹுசைன், 680இல் கர்பலாவில் தம் சிறு குழுவினரோடு கொல்லப்பட்டார். அந்தப் பழி உமையாக்களை விட்டு நீங்கவே இல்லை.

மக்காவில் போட்டி கலீஃபாவாக விளங்கிய அப்துல்லாஹ் இப்னு சுபைர் 692இல் வீழ்ந்த பிறகே ஆட்சி நிலைபெற்றது. அதை நிலைநிறுத்திய அப்துல் மலிக்கையே (685–705) இவ்வம்சத்தின் தலைசிறந்த நிர்வாகி எனலாம். ஜெருசலேமின் பாறைக் குவிமாடம் அவர் கட்டியது. கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் எழுதப்பட்டுவந்த அரசுக் கணக்குகள் அவர் காலத்தில் அரபுக்கு மாறத் தொடங்கின. நாணயங்களில் அந்த மாற்றத்தைக் கண்ணாலேயே காணலாம். தொடக்கத்தில் பைசாந்தியக் காசின் சாயலில், படிகள் மேல் நின்ற சிலுவையின் குறுக்குக் கட்டையை மட்டும் நீக்கி அச்சிட்டார்கள். அடுத்து, வாளேந்தி நிற்கும் கலீஃபாவின் உருவம் வந்தது. 697 வாக்கில் உருவமே மறைந்து, இறைவன் ஒருவனே என்பது போன்ற அரபு வாசகங்களும் ஆண்டும் மட்டுமே பொறித்த, சுமார் 4.25 கிராம் எடையுள்ள தங்க தினார் புழக்கத்துக்கு வந்தது. பல நூற்றாண்டு இஸ்லாமியக் காசுகளுக்கு அதுவே முன்மாதிரி.

முதலாம் வலீத் (705–715) காலத்தில் டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசல் எழுந்தது. ஸ்பெயினும் சிந்துவும் வசமாயின. ஆனால் அவருக்குப் பின், 717–718இல் கான்ஸ்டான்டிநோபிள் முற்றுகை தோற்றது.

வீழ்ச்சிக்கு வெளிப்பகையைவிட உள்ளே இழைத்த அநீதியே பெருங்காரணம். 'மவாலி' எனப்பட்ட அரபு அல்லாத முஸ்லிம்கள் இஸ்லாத்தைத் தழுவிய பிறகும் பல இடங்களில் முஸ்லிம் அல்லாதோருக்கான ஜிஸ்யா வரியைக் கட்ட நேர்ந்தது. வரியை நீக்கினால் கருவூல வருவாய் குறையுமே என்று ஆளுநர்கள் அஞ்சினார்கள். இரண்டாம் உமர் (717–720) இப்படி வரி வாங்குவதைத் தடுத்தார். அந்தச் சீர்திருத்தம் அவருக்குப் பின் நிலைக்கவில்லை. 740இல் வட ஆப்பிரிக்காவில் பெர்பர்கள் கிளர்ந்தெழுந்தனர். சிரியப் படையையோ கைஸ், யமன் என்னும் அரபுக் குலக்கூட்டங்களின் பூசல் அரித்துக்கொண்டிருந்தது.

747இல் குராசானில் அபூ முஸ்லிம், ஆட்சிக்குப் போட்டியிட்ட அப்பாசியர்களுக்காகக் கறுப்புக் கொடி ஏற்றினார். 750 ஜனவரியில் ஸாப் ஆற்றங்கரைப் போரில் தோற்ற இரண்டாம் மர்வான், எகிப்துக்குத் தப்பியோடி அங்கே கொல்லப்பட்டார். உமையாக் குடும்பத்தினர் தேடித்தேடி அழிக்கப்பட்டனர். தப்பிய இளவரசர் அப்துர் ரஹ்மான் 756இல் கோர்தோபாவில் தனி ஆட்சி நிறுவினார். அவர் வழிவந்தோர் 929 முதல் கலீஃபா பட்டம் சூடி, 1031 வரை ஆண்டனர்.