ஸ்புட்னிக்கும் கருவேல முள்ளும்

பிளஸ் ஒன் படிக்கும்போது தனி ஊசல் சோதனையில் எனக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 1,012 செ.மீ./வினாடி² வந்தது. பக்கத்து மேசைக்காரனுக்கு 955. ரெக்கார்ட் நோட்டில் இருவருமே 980-ஐ ஒட்டி எழுதினோம். விடையை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்புவது அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் கைவந்த வழக்கம். சார் அதைத்தான் எதிர்பார்த்தார். தேர்வுக்கு வரும் எக்ஸ்டர்னலும் அதைத்தான் எதிர்பார்ப்பார். இரண்டு பேருக்கு ஏன் இரண்டு விடை வந்தது என்று அன்று யாராவது கேட்டிருந்தால், நூலின் நீளத்தை எங்கிருந்து எதுவரை அளந்தோம், ஸ்டாப் வாட்சை எப்போது அழுத்தினோம் என்று நாங்கள் பேசத் தொடங்கியிருப்போம். யாரும் கேட்கவில்லை.

விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் இன்னும் நிறைய வேண்டும், அதற்குப் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அந்த மேசை நினைவுக்கு வருகிறது. கூடவே இரண்டு முயற்சிகளும். ஒன்று அமெரிக்காவில் 1956-இல் தொடங்கியது. மற்றது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல்.

அமெரிக்கக் கதையை, சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக் செயற்கைக்கோளிலிருந்து தொடங்குவார்கள். உண்மையில் அதற்கு ஓராண்டு முன்பே எம்.ஐ.டி.யில் ஜெரால்ட் சக்காரியாஸ் என்ற இயற்பியலாளர் பள்ளிப் பாடத்தைக் கையில் எடுத்துவிட்டார். போர்க்காலத்தில் ரேடார் ஆய்விலும் லாஸ் அலமோசிலும் வேலை பார்த்தவர் அவர். பள்ளி இயற்பியல் நூல்கள் ஃப்ரிட்ஜையும் மோட்டார் காரையும் விவரிக்கும் பட்டியல்களாகிவிட்டன, இயற்பியலாளர் எப்படி யோசிக்கிறார் என்பது அவற்றில் இல்லை என்பது அவரது வருத்தம். அதற்காக அமைந்ததுதான் பி.எஸ்.எஸ்.சி. என்ற இயற்பியல் பாடக்குழு. 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் பறந்ததும் பணம் கொட்டியது. அடுத்த செப்டம்பரில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் ஏறக்குறைய 100 கோடி டாலரைக் கல்விக்கு ஒதுக்கியது. பள்ளிகளுக்கு ஆய்வகக் கருவி, கல்லூரி மாணவர்களுக்குக் கடன் என்று அது போய்ச் சேர்ந்தது. கல்விச் சட்டத்தின் பெயரிலேயே ‘பாதுகாப்பு’ இருந்ததைக் கவனிக்க வேண்டும்.

1960-இல் வெளிவந்த பி.எஸ்.எஸ்.சி. பாடநூலையும், அதையொட்டி எடுத்த படங்களையும் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. டொரன்டோப் பேராசிரியர்கள் ஹியூம், ஐவி இருவரும் நடித்த ‘ஃப்ரேம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்’ படத்தை இன்றும் எந்த ஆசிரியரும் வகுப்பில் போட்டுக் காட்டலாம். தொடக்கத்தில் ஒருவர் தலைகீழாக நிற்கிறார். நீதான் தலைகீழ் என்று இருவரும் மாறி மாறிச் சாதிக்கிறார்கள். எந்தக் கண்ணால் பார்க்கிறோமோ அதைப் பொறுத்தே இயக்கம் என்பது பார்ப்பவனுக்கு வயிற்றில் உறைக்கிறது. சோதனைக் கருவிகளும் எளியவை. சிறு வண்டியை இழுக்க ரப்பர் பேண்ட், நேரத்தைக் குறிக்க வாசல் மணியின் பொறி.

ஹோஷங்காபாத்திலும் கருவி எளியதுதான். ஆனால் அங்கே அது வழியின்மையில் பிறந்த எளிமை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டு வந்த அனில் சத்கோபால் தொடங்கிய கிஷோர் பாரதியும், ரசூலியாவின் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் சேர்ந்து, அரசு அனுமதியோடு 16 நடுநிலைப் பள்ளிகளில் வேலையைத் தொடங்கின. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. பூவை அறுத்துப் பார்க்க ஊசி இல்லையா, வேலியில் கருவேல முள் இருக்கிறது. டெல்கோ நிறுவனத்திலிருந்து 1978-இல் விடுப்பில் வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்து வடிவியலையே கட்டிக்காட்டினார்.

‘பால் வைக்ஞானிக்’ என்ற அவர்களுடைய பாடநூலில் விடைகள் கிடையாது. செய்து பார், எழுது, பக்கத்துக் குழுவோடு ஒப்பிடு என்றுதான் இருக்கும். ஒரே நீளத்தை வகுப்பே அளந்தால் ஏன் ஆளுக்கொரு அளவு வருகிறது என்பதற்கே அங்கே தனிப் பாடம் உண்டு. அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் ஆய்வகத்தில் மறைக்க வேண்டிய தவறாக இருந்தது, அங்கே பதினோரு வயதுப் பிள்ளைக்கு அறிவியலின் முதல் வாசலாக இருந்திருக்கிறது.

இரண்டு முயற்சிகளும் பிரியும் இடம் ஆசிரியர். அமெரிக்கத் திட்டத்தை வடிவமைத்தவர்களுக்குள் ஓர் ஆசை ஓடியது: பாடமும் படமும் கருவியும் கச்சிதமாக இருந்தால் ஆசிரியர் யாராக இருந்தாலும் பாடம் கெடாது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சி கொடுத்தது உண்மை. ஆனால் பயிற்சி முடிந்து ஊர் திரும்பியவர் தன் பள்ளியில் ஒற்றை ஆள். ஹோஷங்காபாத்தில் அறிவியலே படிக்காத ஆசிரியர்கள் பலர். அவர்கள் கோடையில் மூன்று வாரம் பிள்ளைகளைப் போலவே தாங்களும் சோதனை செய்தார்கள். பிறகு மாதந்தோறும் கூடி, எந்தப் பாடம் வகுப்பில் படுத்துவிட்டது என்று பேசினார்கள். டெல்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அவர்களோடு தரையில் உட்கார்ந்து நூலைத் திருத்தினார்கள். “எனக்குத் தெரியாது, செய்து பார்ப்போம்” என்று வகுப்பில் சொல்லும் துணிவு ஆசிரியருக்கு வருவது இப்படித்தான். அதைச் சுற்றறிக்கையில் அனுப்ப முடியாது.

அடுத்தது தேர்வு. புத்தகத்தையும் தன் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் எட்டாம் வகுப்புத் தேர்வை, செய்முறை மதிப்பெண்ணோடு, ஹோஷங்காபாத் திட்டம் அரசிடம் கேட்டு வாங்கியது. இதையே அத்திட்டத்தின் மிகப் பெரிய வெற்றியாக நான் கருதுகிறேன். தேர்வு மாறாத இடத்தில் ரெக்கார்ட் நோட்டு பொய்தான் சொல்லும்.

பலன் என்ன? 1960-க்கும் 1970-க்கும் இடையில் அமெரிக்காவில் ஆண்டுதோறும் அறிவியல், பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றோர் எண்ணிக்கை மூன்று மடங்கை நெருங்கியது. அதில் கல்விக்கடனுக்கும் உதவித்தொகைக்கும் விண்வெளித் திட்டம் திறந்த வேலைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. பள்ளிக்கூடத்திலோ இயற்பியலை விரும்பி எடுத்தவர்களின் விகிதம் அதே காலத்தில் குறைந்தது. பி.எஸ்.எஸ்.சி. பாடம் வருங்கால இயற்பியலாளனை மனதில் வைத்து எழுதப்பட்டது. மற்றப் பிள்ளைகள் விலகிப் போனார்கள். அவர்களை மீட்கத்தான் ஹார்வர்டில் பிறகு வேறொரு பாடத்திட்டமே எழுத வேண்டியிருந்தது.

ஹோஷங்காபாத் விஞ்ஞானிகளை உருவாக்குவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எட்டாவதோடு வயலுக்குப் போகப்போகிற பிள்ளைக்கும் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும் என்றது. 1978-இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982-இல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்று வளர்த்தது. ஆயிரம் பள்ளிகளை ஒட்டி எட்டிய நிலையில், 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் மீண்டும் மனப்பாடம் காத்திருந்தது என்பது அதன் உண்மையான பலவீனம். அதனால் பெற்றோருக்கு எழுந்த கவலையைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு ஒன்பதாம் வகுப்பைத் திருத்தியிருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் பயிற்சி பெற்ற ஆசிரியர் கூட்டத்தைக் கலைத்தது ஈடு செய்ய முடியாத இழப்பு.

ஹோஷங்காபாத் பிள்ளைகள் ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்குக் கேள்விகளைக் கடிதமாக எழுதிப் போடுவார்கள். ஒவ்வொரு கடிதத்தையும் ஒருவர் பிரித்துப் படித்து, பதில் எழுதி, தபாலில் சேர்த்தார். கேள்வி கேட்டால் திட்டு விழாது, பதில் வரும் என்று அந்த மாவட்டத்துப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.