பள்ளியைக் காத்த ஊரார்

பள்ளி என்னும் சொல் இன்று கரும்பலகையையும் மணியோசையையும் நினைவூட்டுகிறது. பண்டு அது சமண அறவோர் உறைந்த இடத்தைக் குறித்தது. அங்கே பாடமும் நடந்தமையால் கல்விக்கூடத்திற்கும் அதுவே பெயராயிற்று.

அப்பள்ளிகளில் பயின்றோரை அறியக் கோவில்பட்டியை அடுத்த கழுகுமலைக்குச் செல்லல் வேண்டும். கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் அங்குப் பாறையிற் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ், செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. பலர் தம் ஊரைச் சொல்லி, இன்னாரின் மாணாக்கர், இன்னாரின் மாணாக்கியர் என்று ஆசிரியர் பெயரையும் சேர்த்துள்ளனர். கற்று முடித்தோர் தம் பெயரோடு ஆசானையும் கல்லில் நிறுத்திய பண்பு அது. அவ்வாசிரியருள் குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும் உளர். குமரிப் பகுதியின் திருச்சாரணத்துக் குரத்தியர் பெயரும் அங்கே காணப்படுகிறது.

வந்தவாசிப் பகுதியின் விடால் கல்வெட்டு இன்னும் சுவையானது. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியார் அங்கிருந்தார். பிள்ளைகள் ஐந்நூற்றுவர்க்கும் தவசியர் நானூற்றுவர்க்கும் பிணக்கு நேர்ந்தது. அதனைக் கல்வெட்டு மூடி மறைக்கவில்லை. இக்கால ஆண்டறிக்கைகளில் அத்தகைய நேர்மையைக் காண்பது அரிது! அந்நிலையில் முன்வந்தவர் ஊரார். குரத்தியாரையும் அவர்தம் பிள்ளைகளையும் தாமே காத்து உணவும் அளிப்பதாகப் பொறுப்பேற்று, அவ்வுறுதியைக் கல்லிலும் வெட்டுவித்தனர்.